டீச்சரிடம் கேளுங்கள்: மகளுக்கு 16, அவனுக்கு 25

கேள்வி

வணக்கம் டீச்சர். நாங்கள் பினாங்கு மாநிலத்தில், பிறையில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் ஆப்பரேட்டர். காலை 7 முதல் இரவு 7 வரை ஷிப்ட், நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்தரைக்கே வந்துவிடும். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் என் மாமியார் இருக்கிறார், அவருக்கு இனிப்பு நீர், கண்பார்வையும் மங்கல்.

மகள் படிவம் 4 படிக்கிறாள், வயது 16. ஒருவனோடு பழகுகிறாள். அவனுக்கு 25. படிவம் 3-ஓடு பள்ளியை விட்டவன். லோரியில் உதவியாளாக ஓடுகிறான். கழுத்திலும் கையிலும் பச்சை குத்தியிருக்கிறான். அப்பா குடிகாரர் என்கிறார்கள். வேறு சாதி. எங்கள் குடும்பத்துக்கு எந்த வகையிலும் ஒத்துவராதவன். போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றப் போன இடத்தில் பழக்கமாகியிருக்கிறது. எனக்குத் தெரிந்தது இரண்டு மாதத்துக்கு முன்புதான். ஆத்திரத்தில் அறைந்துவிட்டேன், கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டேன். மூன்று நாள் சாப்பிடவில்லை. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என்னோடு பேசுவதே இல்லை.

மூத்த மகன் (20 வயது) நண்பர்களோடு போய் அவனை அடிக்கப்போகிறேன் என்கிறான். கணவர், 'பள்ளியை நிறுத்தி ஈப்போவில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடு' என்கிறார். நாத்தனாரோ, 'பேசாமல் நிச்சயம் செய்துவிடுங்கள், மானமாவது மிஞ்சும்' என்கிறார். 18 ஆனதும் ஓடிப்போய்ப் பதிவு செய்துகொள்வாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். இப்போது அவள் வைத்திருக்கும் கைப்பேசி அவன் வாங்கிக் கொடுத்ததாம், 1,300 வெள்ளி. அவள் எங்கே இருக்கிறாள் என்பது எப்போதும் அவன் கைப்பேசியில் தெரிகிறது. பந்துவலை விளையாட்டை விட்டுவிட்டாள், அவனுக்குப் பிடிக்கவில்லையாம். அத்தை மகளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். 'எஸ்.பி.எம். பரீட்சை எழுதி என்ன செய்யப்போகிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்கிறானாம். அவள் அழைப்பை எடுக்காவிட்டால் கையைக் கீறிக்கொண்டு படம் பிடித்து அனுப்புகிறான். நான் என்ன செய்யட்டும் டீச்சர்?

- பெயர் வேண்டாம், பிறை

பதில்

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. மறந்துவிட்டேன் என்று சொல்லி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிகள்தான் உங்கள் மகளுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கின்றன. அதற்கு மேலே எழுதியதில் பாதி, அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பற்றியது.

இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் நீங்கள் பேசும் எதுவும் அவளிடம் எடுபடாது. பச்சை குத்தியதும், படிவம் 3-ஓடு நின்றதும், லோரியில் சாமான் ஏற்றி இறக்குவதும் ஒருவனைக் கெட்டவனாக்கிவிடாது. மூட்டை தூக்கிப் பிள்ளைகளைப் பட்டதாரியாக்கிய அப்பாக்களைப் பட்டர்வொர்த் பக்கம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவனுடைய அப்பா குடிப்பதற்கு அவன் பொறுப்பாக முடியாது. சாதியையும் எழுதியிருக்கிறீர்கள். அதை இனி உங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்க வேண்டாம். பிறப்பை வைத்து ஒரு மனிதனை ஒதுக்குவது தவறு, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. சாதியை ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்லப்போகும் நியாயமான காரணங்களையும் அவள் அதோடு சேர்த்தே தள்ளிவிடுவாள். 'உன் அம்மாவுக்குச் சாதிதான் பிரச்சினை, வேறு ஒன்றும் இல்லை' என்று அவனும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். அவள் நம்புவாள்.

சரி, நியாயமான காரணங்களுக்கு வருகிறேன். தைப்பூசத்தில் பழக ஆரம்பித்தபோது அவளுக்கு 15 வயதாக இருந்திருக்கலாம். அவனோ வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வளர்ந்த ஆண். அவள் கையில் பஸ் காசும் கேன்டீன் காசும்தான். இப்படிப்பட்ட இரண்டு பேருக்குள் ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அடுத்தவர் கேட்டுக்கொள்வார் என்று எதை வைத்து நம்புவது? 1,300 வெள்ளி கைப்பேசியைக் கொடுத்தவனிடம் அவள் எப்படி மறுத்துப் பேசுவாள்? அந்தக் கைப்பேசி வழியாகத்தான் அவள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிகிறது. விளையாட்டு போயிற்று, அதோடு விளையாட்டுத் தோழிகள் போனார்கள். அத்தை மகள் போய்விட்டாள். அடுத்து எஸ்.பி.எம். போக வேண்டும் என்கிறான். நான் இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியையாக இருந்த காலத்தில் இதே வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலில் விளையாட்டு, பிறகு நெருங்கிய தோழி, பிறகு படிப்பு. பெண்ணைச் சுற்றி இருப்பவர்களை ஒவ்வொருவராக விலக்கிவிட்டால், அவளுக்கு ஓர் ஆபத்து வரும்போது ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இருக்காது. உங்கள் மகளுக்கு இப்போது மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான். நீங்களும் அறைந்து, கத்தி, ஈப்போவுக்கு அனுப்பிவிட்டால் அவன் செய்ய நினைத்ததை நீங்களே செய்து முடித்ததாகிவிடும்.

அதனால் உறவினர்கள் சொல்லும் மூன்று வழிகளையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

மகன் அடிக்கப் போகக்கூடாது. போனால் போலீஸ் வழக்கு அவன் மீதுதான் பதிவாகும். 20 வயதில் குற்றப் பதிவோடு அவன் எங்கே வேலை தேடுவான்? அடி வாங்கியவன் உங்கள் மகளின் கண்ணுக்கு அவளுக்காகக் கஷ்டப்பட்ட நாயகனாகத் தெரிவான். 'உன் தங்கச்சிக்கு இப்போது அடியாள் தேவையில்லை, அண்ணன்தான் தேவை' என்று அவனிடம் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவளை டியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வரட்டும். வழியில் அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

ஈப்போவும் வேண்டாம். எஸ்.பி.எம்.முக்கு ஒரு வருடம் இருக்கும்போது பள்ளியை நிறுத்துவது அவன் கேட்டதையே நாம் கொடுப்பது. கைப்பேசி இருக்கும்வரை ஈப்போவும் அவனுக்குத் தூரமில்லை.

நிச்சயம் செய்வது பற்றி நாத்தனார் சொன்னதை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது. எதற்கு அவசரமாக 16 வயதுப் பிள்ளையை அவன் கையில் கொடுக்க வேண்டும்? ஊர் பேசுமே என்பதற்காகவா? ஊர் நான்கு நாள் பேசும், அவள் காலமெல்லாம் வாழ வேண்டியிருக்கும். சட்டமும் அதற்கு எளிதில் இடம் தராது. நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி திருமண வயது 18. 16 முடிந்து 18 ஆகாத பெண்ணுக்கு மாநில முதலமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். 18 முடிந்த பிறகும் 21 வயது வரை தந்தையின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. சம்மதத்தை நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்று தோன்றினால் நீதிமன்றம் தலையிடலாம், அது தனி விஷயம். கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்தால் மட்டும் அது சட்டப்படி திருமணம் ஆகாது, பதிவு செய்தாக வேண்டும். ஆகவே 18-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் அவள் ஜே.பி.என். என்ற தேசியப் பதிவு இலாகா அலுவலகத்தில் போய் நிற்பாள் என்ற பயத்தில் நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் 18-க்குப் பிறகு அவள் யாரோடு பழகுகிறாள் என்பதைச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது. உங்கள் மீது அவளுக்கு நம்பிக்கை இருந்தால்தான் அப்போது நீங்கள் சொல்வதைக் காதில் வாங்குவாள். அந்த நம்பிக்கையை இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு விஷயம். கேட்கப் பயந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. அவர்களுக்குள் உடல் உறவு ஏற்பட்டிருக்குமா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது, அவளே சம்மதித்திருந்தாலும், தண்டனைச் சட்டத் தொகுப்பின்படி கற்பழிப்புக் குற்றம். அவளுக்கு 15 வயதாக இருந்தபோதே பழக்கம் தொடங்கியிருக்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன். அது போக, 2017-இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் அதில் சிறார்தான். அத்தகைய குற்றத்தைச் செய்யும் எண்ணத்தோடு ஒரு சிறாரிடம் பேசிப் பழகி வசப்படுத்துவதே அந்தச் சட்டத்தில் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். 18 வயதாகாத பிள்ளையின் அந்தரங்கப் படத்தைக் கேட்டு வாங்குவதும், வைத்திருப்பதும், பிறருக்கு அனுப்புவதும் குற்றம். அவளே விரும்பி அனுப்பினாள் என்று சொல்லி அவன் தப்பிக்க முடியாது. இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஆகவே விஷயம் தெரியவந்த பிறகு 'மானம் போய்விடும்' என்று மூடி வைக்க நினைக்காதீர்கள்.

இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் அவளை மிரட்டாதீர்கள். 'அவனை ஜெயிலில் போடுகிறேன் பார்' என்ற ஒரு வார்த்தை போதும், அன்றிரவே அவனுக்குத் தெரிந்துவிடும், கைப்பேசியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அவளும் இனி எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள். நீங்களாக அவனை அழைத்துத் திட்டுவதும் வேண்டாம். முதலில் பினாங்கில் இருக்கும் டபிள்யூ.சி.சி. என்ற மகளிர் அமைப்பிடம் போய்ப் பேசுங்கள். ஜார்ஜ்டவுனில் இருக்கிறது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, இது போன்ற விஷயங்களைத் தொடர்ந்து கையாளுகிறவர்கள். உங்கள் ஓய்வு நாளில் தனியாகப் போய் வாருங்கள். வேலைக்கு நடுவே போக முடியாவிட்டால் 15999 என்ற எண்ணில் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். போலீசில் புகார் செய்ய வேண்டிய நிலை வந்தால் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் டி11 என்ற பிரிவைக் கேளுங்கள். பெண்கள், சிறுவர்கள் சம்பந்தப்பட்ட பாலியல் வழக்குகளை அவர்கள்தான் விசாரிக்கிறார்கள். உடலுறவோ வன்முறையோ நடந்தது தெரியவந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. என்று சொல்லுங்கள். பரிசோதனை, சிகிச்சை, போலீஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்திய பிரிவு அது.

அவளோடு எப்படிப் பேசுவது? நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். 'அன்னைக்கு அம்மா கை நீட்டினது தப்பு. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 'ஆனால் நீயும்...' என்று இழுக்காதீர்கள். அவள் பதில் சொல்லாமல் அறைக்குள் போகலாம், போகட்டும். மறுநாளும் சாதாரணமாக நடந்துகொள்ளுங்கள். சாப்பாடு போடுங்கள், தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா என்று கேளுங்கள், அவனைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

பிள்ளைகளை நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசினால் வாயே திறக்க மாட்டார்கள். வண்டியில் போகும்போதோ, சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கும்போதோ, முகம் பார்க்காத நேரத்தில்தான் பேச்சு வரும். உங்கள் ஓய்வு நாள் இரண்டில் ஒரு நாளை அவளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறித் தீவுக்குப் போங்கள், பாடாங் கோத்தாவில் உட்காருங்கள், பினாங்கு ஸ்ட்ரீட்டில் வளையல் வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கே கேள்வி கேட்க வேண்டியதில்லை.

கேட்கும் நாள் வரும்போது, 'அவன் நல்லவனா கெட்டவனா' என்று கேட்டால் அவள் அவனுக்காக வாதாடத்தான் செய்வாள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'அவன் ஒண்ணு கேட்டு, நீ வேண்டாம்னு சொன்ன நேரம் இருக்கா? அப்ப என்ன நடந்துச்சு?' கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எத்தனை நிமிடம் ஆனாலும் நடுவில் நுழையாதீர்கள். என் அறைக்கு வந்த பிள்ளைகள் பலரும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார்கள். 'கோபப்படுவாரு டீச்சர், ஆனா அப்புறம் சரியாயிடுவாரு' என்பார்கள். அந்தக் கோபம் எப்படி இருக்கும் என்று விசாரித்தால்தான் மீதி வெளியே வரும். கத்துவாரா, பேசாமல் இருப்பாரா, பிடித்துத் தள்ளுவாரா என்று அவளுக்கும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். உங்கள் மகளுக்கு அவன் கையைக் கீறிக்கொண்டு அனுப்பும் படம் பெரிய பாரமாக இருக்கும். நாம் விட்டுப் போனால் செத்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் கட்டுண்டு கிடக்கலாம். 'அவன் உயிருக்கு நீ பொறுப்பில்ல கண்ணு. அவனுக்கு உதவி செய்ய ஆள் இருக்காங்க' என்று சொல்லுங்கள். மனம் உடைந்தவர்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண்ணை அவளிடம் கொடுங்கள், கோலாலம்பூர் எண் 03-76272929, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். அவன் வேண்டுமானால் அவர்களிடம் பேசட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்படி மிரட்டினால் 999-ஐ அழைக்க வேண்டும், 16 வயதுப் பிள்ளை ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அவள் உங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டால், அந்த நொடியில் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் கவனிப்பாள். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாலும் சரி, படம் அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னாலும் சரி, முதல் வார்த்தை 'சொன்னியே, அதுவே போதும். அம்மா பார்த்துக்கிறேன்' என்பதாக இருக்கட்டும். அழுகையும் கோபமும் வரத்தான் செய்யும். குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வாருங்கள். மறுநாளே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தக் கைப்பேசியை உடைக்க வேண்டாம், அதில் உள்ளதை அழிக்கவும் வேண்டாம். நாளைக்குப் புகார் என்று வந்தால் புலனத்தில் (வாட்ஸ்அப்) இருக்கும் உரையாடல்தான் சாட்சி. மிரட்டல் செய்திகளைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைக்கலாம். அந்தரங்கப் படங்கள் ஏதாவது இருந்தால் அவற்றை நீங்கள் நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், கணவருக்குக்கூட வேண்டாம். கைப்பேசியையே போலீசிடம் கொடுத்துவிடலாம். புகார் செய்யும் நிலை வராவிட்டால், உங்கள் வசதிக்கு ஏற்ற ஒரு கைப்பேசியை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் வாங்கிக் கொடுத்ததில் பேசும்வரை அவள் அவனுக்குக் கடன்பட்டவளாகத்தான் நினைத்துக்கொள்வாள். புதிய கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் வசதியை அவளையே அணைக்கச் சொல்லுங்கள். நீங்களும் அதை வைத்து அவளைக் கண்காணிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளி முடிந்து மதியம் வீட்டுக்கு வருகிறாள். கண் சரியாகத் தெரியாத பாட்டி தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் பாலம் தாண்டி வந்து சேர எட்டு, எட்டரை ஆகிவிடும், பிறகு சமையல், துணி, மறுநாள் விடியலில் பஸ். அந்த ஆறு மணி நேரமும் 'சாப்பிட்டியா, என்ன பண்றே' என்று அவளைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். நீங்கள் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தை வேறு எதையாவது கொண்டு நிரப்பாமல், அவனை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. பந்துவலைப் பயிற்சி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். விவரம் எதுவும் சொல்ல வேண்டாம், 'மறுபடியும் கூப்பிடுங்கள் டீச்சர், உங்கள் பேச்சைக் கேட்பாள்' என்று மட்டும் சொல்லுங்கள். அத்தை மகளைச் சனிக்கிழமை வீட்டில் தங்க வரச் சொல்லுங்கள். இடைவேளையில் 'சாப்பிட்டியா தங்கம்' என்று நீங்களே ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். பள்ளியில் முழுநேரக் கவுன்சலிங் ஆசிரியர் இருப்பார். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்லக்கூடும், அதற்கு வழி செய்து கொடுங்கள்.

கணவரிடம் ஒரு வேலை இருக்கிறது. திட்டுவதற்கு மட்டும் அழைக்கும் அப்பாவாக இல்லாமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள் காணொளியில் அவளோடு பேசட்டும். பள்ளியில் என்ன நடந்தது, கணக்குப் பாடம் எப்படிப் போகிறது, அவ்வளவுதான். அப்பா தன்னைப் பற்றி விசாரிக்கிறார் என்பது பதினாறு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று பல அப்பாக்களுக்குத் தெரிவதே இல்லை.

அவள் நாளைக்கே அவனை விட்டுவிட மாட்டாள். விட்டுவிட்டு மறுபடியும் போவாள். அப்படிப் போனால் 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. ஆனால் இரண்டு விஷயங்களில் மட்டும் இறங்கி வராதீர்கள். 18 வயதாகும்வரை அவனோடு தனியாக வெளியே போவதற்கும், அவன் வீட்டுக்கு வருவதற்கும் அனுமதி இல்லை. எஸ்.பி.எம். எழுதியே ஆக வேண்டும். கோபமில்லாமல், தினமும் ஒரே குரலில் சொல்லுங்கள். டபிள்யூ.சி.சி.யில் பேசிய பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி

டீச்சர், நான் கோலாலம்பூர் செந்தூலில் படிவம் 5 படிக்கிறேன். என் நெருங்கிய தோழியின் காதலனுக்கு 19 வயது. அந்தரங்கப் படம் அனுப்பச் சொல்லி நச்சரித்தான், ஒன்று அனுப்பிவிட்டாள். இன்னும் அனுப்பாவிட்டால் அதை எல்லாருக்கும் காட்டிவிடுவேன் என்று இப்போது மிரட்டுகிறான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சாமி மீது சத்தியம் வாங்கிவிட்டாள். சொன்னால் துரோகம் ஆகிவிடுமா?

- ஒரு மாணவி, செந்தூல்

பதில்

ஆகாது கண்ணு. அவளைக் காப்பாற்றுவதற்காகச் சத்தியத்தை மீறினால் எந்தச் சாமியும் கோபிக்காது.

அவன் செய்வது மிரட்டிப் பறிப்பது. மேலே நான் சொன்ன, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தில் அது குற்றம், அவள்மீது எந்தத் தப்பும் இல்லை. இதை முதலில் அவளிடம் சொல். அவள் இப்போது வெட்கத்திலும் பயத்திலும் இருப்பாள், 'நான்தானே அனுப்பினேன்' என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். இன்னொரு படம் கண்டிப்பாக அனுப்பக்கூடாது. ஒன்று அனுப்பினால் விட்டுவிடுவான் என்று நினைத்து அனுப்பினால், அடுத்ததைக் கேட்பான். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல். அந்தப் படம் உன் கைக்கு வந்தால் நீ யாருக்கும் காட்டாதே, அனுப்பாதே. உதவி செய்யும் எண்ணத்தில் அனுப்பினாலும் அது உன்னையும் சிக்கலில் மாட்டிவிடும்.

'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படங்களுக்கானது. பெயர் சொல்லத் தேவையில்லை, படமும் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு மட்டும் உருவாகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். நீயும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள்.

அப்புறம், பெரியவர் ஒருவர் இதில் வந்தே ஆக வேண்டும். அவளுடைய அம்மாவோ, அக்காவோ, பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியரோ, யாரிடம் சொல்ல அவளுக்குப் பயம் குறைவு என்று அவளையே கேள். 'நீ சொல்றியா, இல்ல நான் கூட வந்து சொல்லட்டுமா' என்று கேட்டுப் பார். இரண்டுக்கும் மறுத்தால், 'உன்னை இழக்க எனக்கு மனசில்ல, அதனால நான் சொல்லப்போறேன்' என்று அவளிடம் சொல்லிவிட்டு, நாளைக்குப் பள்ளியில் முதல் இடைவேளையிலேயே கவுன்சலிங் அறைக்குப் போ. பள்ளி விடுமுறையாக இருந்தால் 15999-ஐ நீயே அழைக்கலாம், தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுப் பார், இல்லாவிட்டால் மலாயில் சொல்லிவிடு.